நான்கு வாரத் தீவுப் பயிற்சி யாருக்காக?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் குறுகியகாலப் பயிற்சி பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். தொலைதூரத் தீவுகளைப் பற்றி அதில் ஒரே ஒரு பத்தி, அதுவும் நான்கு வாரம் போய்வந்தால் சாகசத்துக்குச் சாகசம், சான்றிதழுக்குச் சான்றிதழ் என்கிற தொனியில். அந்தப் பத்தியோடுதான் எனக்குச் சண்டை.

தெற்கு அட்லாண்டிக்கில் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து 1,900 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற செயின்ட் ஹெலினாவில் நான் இரண்டு மாதம் செடிப் பாதுகாப்பு வேலையில் பயிற்சிக்கு இருந்தேன். நெப்போலியன் 1821-ல் இறந்த தீவு என்றால் எல்லோருக்கும் தெரியும். 2017 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து விமானம் தொடங்கும் வரை அங்கே போகப் பெரும்பாலும் கேப் டவுனிலிருந்து ஐந்து நாள் கப்பல்தான். இப்போதும் வாரத்துக்கு ஒரு விமானம், கூட்டமான மாதங்களில் கூடுதலாக ஒன்று வரும். விமான நிலையம் செங்குத்துப் பாறைக்கு மேலே இருப்பதால் காற்றும் மேகமும் மனசு வைத்தால்தான் இறங்க முடியும். ஆக, நான்கு வாரப் பயிற்சி என்று யாராவது சொன்னால் முதலில் விமான அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஒரு விமானம் ரத்தானால் உங்கள் பயிற்சியில் பெரிய துண்டு போய்விடும், திரும்பும்போது ரத்தானால் கைக்காசு போகும். மருத்துவக் காப்பீட்டில் தீவிலிருந்து விமானத்தில் வெளியேற்றும் செலவும் அடங்கியிருக்க வேண்டும், அது இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள்.

இதெல்லாம் பயணச் சங்கதி, பரவாயில்லை. எனக்கு உறுத்துவது வேறு. அங்கே வசிப்பவர்கள் மொத்தம் சுமார் 4,400 பேர். அதில் செடிகளைத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். புதிதாக ஒரு பயிற்சியாளர் வந்தால் அந்தச் சிலரில் ஒருவர் தன் வேலையை நிறுத்திவிட்டு, எது தீவின் சொந்தச் செடி எது களை என்று முதல் வாரம் முழுக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான்கு வாரத்தில் முதல் வாரம் அப்படிப் போகும், கடைசி வாரம் மூட்டை கட்டுவதிலும் விடைபெறுவதிலும் போகும். மிச்சமிருக்கிற இரண்டு வாரத்தில் அந்த மனிதரின் ஒரு வாரத்தைத் திருப்பிக் கொடுத்தீர்களா?

என் வேலை டயானாஸ் பீக் என்ற மலை உச்சியில். 800 மீட்டருக்கு மேலே, பாதி நாள் மேகத்துக்குள்ளேயே இருக்கும் காடு அது. அந்த மேகத்திலிருந்து இலைகள் பிடித்துத் தருகிற ஈரமும் கீழே குடிநீராக வருகிறது. காட்டைத் தின்றது நியூசிலாந்து ஃபிளாக்ஸ் என்ற நார்ச்செடி. நாருக்காக அந்தச் செடியை மலை முழுக்க வைத்தார்கள். பிரிட்டிஷ் தபால் துறை கட்டுகளைச் சுற்ற அந்த நார்க் கயிற்றைத்தான் வாங்கியது, அது செயற்கைக் கயிற்றுக்கு மாறியதும் 1966-ல் தொழிலே படுத்துவிட்டது, ஆலை மூடியது, செடி மட்டும் போகவில்லை. அதை வெட்டியெடுத்து, அந்த இடத்தில் நாற்றங்காலில் வளர்த்த உள்ளூர்க் கன்றுகளை நட்டு, எது பிழைத்தது என்று குறித்து வைப்பதுதான் நான் செய்தது. இந்தத் தீவுக்கே உரிய ஆலிவ் மரத்தில் கடைசி ஒன்று 2003-ல் செத்துப்போனது, அதனால் ஒவ்வொரு கன்றின் கணக்கும் அங்கே பெரிய விஷயம். மேகத்துக்குள் பேனா எழுதாது, பென்சில்தான். தாள் ஊறி எழுத்து அழுந்திக் கிழியும். முழங்கால் வரை சேறு. இருட்டில் புற ஊதா விளக்கடித்தால் பெரணி இலையில் முள் முள்ளாக ஒரு மஞ்சள் பூச்சி மின்னும், உலகத்தில் வேறெங்கும் இல்லாத உயிர், அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், சாகசமே இல்லை என்று பொய் சொல்லக் கூடாது அல்லவா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு முன்னால் அதே சரிவில் ஒருவர் நான்கு வாரம் வேலை பார்த்திருந்தார். நல்ல உழைப்பாளி, நோட்டு நிறைய அளவுகள். ஆனால் கன்றுகளுக்கு அவராகவே ஒரு குறியீடு வைத்து, அதற்கு விளக்கம் எழுதாமல் கிளம்பிவிட்டார். அந்த நோட்டை வைத்துக்கொண்டு நானும் மேற்பார்வையாளரும் இரண்டு நாள் சரிவில் ஏறி இறங்கினோம், பாதிக் கன்றைக் கூட இனம் காண முடியவில்லை, கடைசியில் முதலிலிருந்து எண் கட்டினோம். அவருக்குச் சான்றிதழ் கிடைத்திருக்கும்.

போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்குக் குறையாமல் போங்கள், அதுவும் புதிதாக எதையும் தொடங்காமல் ஏற்கெனவே நடக்கிற வேலையில் ஒரு துண்டை முடிக்கப் போங்கள். ஏற்றுக்கொள்ளும் இடத்துக்கு நேராக எழுதி, நான் போன பிறகு என் வேலையை யார் தொடர்வார் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். இடம் பிடித்துத் தருகிறேன் என்று கட்டணம் கேட்பவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டால் பேச்சு சட்டென்று கடற்கரைப் பக்கம் திரும்பும், நான் பட்டிருக்கிறேன். தொடர்பே இருக்காது என்ற பயமும் பழசு, 2023-லிருந்து கடலடிக் கேபிள் வழியாக இணையம் வருகிறது, அதனால் கிளம்பிய பிறகும் சந்தேகங்களுக்குப் பதில் எழுதலாம். அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது, போய்வந்தவர் அங்கே என்ன விட்டுவந்தார் என்றும் ஒரு வரி கேட்டுப் போடுங்கள்.

நான் கிளம்பும்போது பதினோரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி வைத்துவிட்டு, முன்னவரை மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் விமானம் ஏறினேன். மூன்று வாரம் கழித்து, எனக்குப் பின் வந்தவரிடமிருந்து மின்னஞ்சல்: மஞ்சள் நாடா கட்டிய கன்றுகள் எதற்காக? அதை மட்டும் எழுத மறந்திருந்தேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்