ஒரு துண்டு மைக்காவுக்காக

அன்பான வாசிகசாலை உறவுகளுக்கு,

மாதிரி ரயில் கண்காட்சி முடிந்து கை கழுவும்போது பார்த்தேன், விரலிடுக்கில் இன்னும் வெள்ளைப் பசை. அது போகமுதல் இதை எழுதிவிடுகிறேன். ரயில் ஓட்ட நான் கட்டிய மின்வழங்கி வேலைசெய்யாமல் வெள்ளிக்கிழமை இரவு பட்ட பாடு உங்களுக்குத் தெரியும், முழுக்கத் திரும்பச் சொல்லப்போவதில்லை.

மேசை சுமந்த பெடியளுக்கும், யாழ்ப்பாண நிலையத்தை அட்டையில் வெட்டி ஒட்டிய தங்கச்சிமாருக்கும், நடுச்சாமத்தில் பிளேன்ரீ ஊற்றித் தந்த அக்காவுக்கும், தன் அம்ப்ளிபயரிலிருந்து ரான்ஸ்போமரைக் கழற்றித் தந்த மச்சானுக்கும் நன்றி. மச்சான், அது நாளைக்கே திரும்பி வரும்.

மிச்சமெல்லாம் றேடியோ திருத்தும் ஐயாவுக்கு.

இரவு பத்தரைக்கு அவர் வீட்டுப் படலையைத் தட்டினேன். "மேசையில் வைச்சால் ஓடுது, பெட்டிக்குள் பூட்டினால் செத்துப்போகுது ஐயா" என்றேன். அதற்குள் வோல்ற்றைச் சீராக்கும் ஐசி மூன்று மாற்றியிருந்தேன். அவர் மீற்றரை எடுக்கவேயில்லை.

"ஐசியின்ரை உலோக முதுகை எதிலை பூட்டினீர்?"

"அலுமினியப் பெட்டியிலை, சூடு இறங்கட்டும் எண்டு."

"பெட்டி?"

"நெகற்றிவ்வோடை தொடுத்திருக்கு."

சிரித்துவிட்டார். "தம்பி, உம்மடை ஐசி எல்எம் 317. அதின்ரை முதுகு எர்த் இல்லை. அவுட்புட்!"

7805 என்ற இன்னொரு ஐசிக்கு முதுகு நெகற்றிவ்தான். எல்லாம் அப்படியே என்று நினைத்திருந்தேன். தண்டவாளத்துக்குப் போகவேண்டிய 12 வோல்ற்றை, பூட்டிய கணமே நானே நெகற்றிவ்வோடு முட்டவைத்திருக்கிறேன். ஐசியோ மின்னோட்டத்தைக் குறைத்து, சூடு மிஞ்சினால் தானாக அடங்கி, உயிர் தப்பியிருக்கிறது. குப்பைவாளியில் கிடந்த மூன்றும் நல்லவை!

பெட்டியில் பூட்டாமலும் விடமுடியாது. ஐசிக்குள் வருவது 20 வோல்ற், வெளியே போவது 12, ஒரு அம்பியர் இழுத்தால் 8 வாற் சூடு. அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? ஐயா உள்ளே போய்ப் பழைய அயன் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். சூட்டை விட்டு மின்சாரத்தை மறிக்கும் அதன் மைக்காத் தகட்டை எடுத்து, பிளேட்டால் விளிம்பைக் கிளப்பி, வெங்காயத் தோல் உரிப்பதுபோல ஒரு படையை உரித்தார். நகமளவுக்கு வெட்டி நடுவில் துளையிட்டார். இரண்டு பக்கமும் சூடு கடத்தும் வெள்ளைப் பசை. ஸ்குறூவும் பெட்டியைத் தொடக்கூடாதே, மெல்லிய ஸ்குறூ ஒன்றுக்கு வயர்த் தோலை உறையாகப் போட்டு, தலைக்கடியில் பிளாஸ்ரிக் வாசர் வைத்தார். அதன்பிறகுதான் மீற்றர். முதுகுக்கும் பெட்டிக்கும் இடையில் தொடர்பு இல்லை என்று காட்டிவிட்டு, "இப்ப கொண்டுபோம்" என்றார்.

நான் அவசரப்பட்டபோது ஒரு சொல் சொன்னார்: "1990இலை நிண்ட யாழ்ப்பாணக் கோச்சி 2014இலைதான் திரும்பி வந்தது. அவ்வளவு காலம் பொறுத்தனாங்கள், பசை பூச ரெண்டு நிமிசம் பொறுக்கேலாதோ?"

காசு நீட்டினேன். வாங்கவில்லை. "முதல்லை போய் அந்த மூண்டு ஐசியையும் குப்பையிலையிருந்து எடும்" என்றார்.

எடுத்துவிட்டேன் ஐயா. கழுவித் துடைத்து, நீங்கள் தந்த மைக்கா மிச்சத்தோடு தீப்பெட்டி ஒன்றில் வைத்திருக்கிறேன். ரயில் ஓட்ட மின்வழங்கி கட்டும் பெடியள் யாருக்கும் அதில் ஒன்று வேண்டுமென்றால் எந்த நேரமும் என் வீட்டுப் படலையைத் தட்டலாம். பத்தரை ஆனாலும் சரி.