செயலியில் இருக்கிறது, அலமாரியில் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

செயலி, புள்ளி அட்டை என்று வாடிக்கையாளரைப் பிடித்துவைக்கப் பார்க்கின்றன சில்லறை விற்பனைக் கடைகள். இருக்கட்டும், முதலில் சரக்குக் கணக்கு சரியாக இருக்க வேண்டாமா? பில் போடும்போது பார்கோடு ஸ்கேன் ஆனால்தான் கையிருப்பில் ஒன்று குறையும். உடைந்தது, திருடுபோனது எல்லாம் கணினிக் கணக்கில் அப்படியே நிற்கும். 'இருப்பு உள்ளது' என்று செயலியில் பார்த்து வருபவர் காலித் தட்டைப் பார்த்துத் திரும்புகிறார். அவர் மறுபடி எப்படி வருவார்? ஆர்எஃப்ஐடி சில்லு (ரேடியோ அலை மூலம் தன் அடையாள எண்ணைச் சொல்லும் சில்லு) பொருத்திய துணிகளை, மடிப்பைக் கலைக்காமலே கைக்கருவியால் மளமளவென்று எண்ணிவிடலாம். அதற்குச் செலவு செய்யுங்கள். அப்புறம், பில் போடக் கைப்பேசி எண் கேட்டு வற்புறுத்துவதை நிறுத்துங்கள். எண் தராதவருக்கும் பொருளை மாற்றித் தர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்