கடனை அடைத்துக்கொண்டிருப்பவர்களுக்காகவும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாரப் பொருளாதாரப் பக்கத்தை விடாமல் படித்து வருபவன் நான். சேமிப்பு, காப்பீடு, முதலீடு, ஓய்வுக்காலத் திட்டம் என்று அதில் வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை கையில் நாலு காசு மிஞ்சுகிறவர்களை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. கடனில் இருப்பவர்களைப் பற்றி எப்போதாவது எழுதினாலும், ஆடம்பரத்தைக் குறையுங்கள், வரவுக்கேற்பச் செலவு செய்யுங்கள் என்ற இரண்டு வரியோடு அது முடிந்துவிடுகிறது. மூன்று ஆண்டுகளுக்கும் சற்று மேலாக வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, தனிநபர் கடன் ஒன்றையும் கிரெடிட் கார்டு நிலுவையையும் உறவினரிடம் வாங்கிய கைமாற்றையும் அடைத்து முடித்தவன் என்ற முறையில், அந்த இரண்டு வரிக்குள் அடங்காத சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

முதல் ஓராண்டு நாங்கள் உண்மையிலேயே சிக்கனமாகத்தான் இருந்தோம். பக்கத்தில் உள்ள இடங்களுக்கு நடந்தே போனோம். அறுந்த செருப்பைத் தைத்துப் போட்டுக்கொண்டோம். புதுத் துணி எடுக்கவில்லை. வெளியே சாப்பிடுவதை அறவே நிறுத்தினோம். பழைய நாட்குறிப்பு ஒன்றில் எழுதப்படாமல் கிடந்த பக்கங்களில் அன்றாடச் செலவைப் பைசா விடாமல் எழுதி வந்தோம். ஆனாலும் ஆண்டு முடிவில் கடன் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு நாள் இரவு அந்தக் கணக்கைக் கூட்டிப் பார்த்த என் மனைவி, "இவ்வளவு மிச்சம் பிடிச்சிருக்கோம்னு நோட்டு சொல்லுது, அந்தப் பணம் எங்கேங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மிச்சம் பிடித்த பணம் சம்பளம் வரும் அதே கணக்கில் கிடந்து, மாதக் கடைசியில் யாராவது கேட்டதற்கும், எதிர்பாராமல் வந்ததற்கும், சில சமயம் இத்தனை நாள் அடக்கி வைத்த ஆசைக்கும் கரைந்துபோயிருந்தது. ஒரு பக்கம் மறுத்ததை இன்னொரு பக்கம் அள்ளிக் கொடுத்திருந்தோம்.

அன்று முதல் ஒரே ஒரு பழக்கத்தை மாற்றினோம். ஒரு செலவைத் தவிர்த்தால், எவ்வளவு சிறியதானாலும் அந்தத் தொகையை அன்று இரவே கிரெடிட் கார்டு கணக்குக்கு அனுப்பிவிட்டு, அதன் பிறகுதான் நோட்டில் எழுதுவோம். அனுப்பாத தொகையைச் சேமிப்பு என்று எழுதக் கூடாது என்பது என் மனைவி போட்ட விதி. கார்டு நிலுவைக்குப் பொதுவாக நாள் கணக்கில் வட்டி ஓடுவதால், கெடு தேதி வரை காத்திராமல் முன்னதாகக் கட்டுவதிலும் சிறு லாபம் இருக்கிறது. அதைவிடப் பெரிய லாபம், அந்தப் பணம் கைக்கெட்டாத இடத்துக்குப் போய்விடுவதுதான். நிலுவைத் தொகையை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி, ஒவ்வொரு மாதமும் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதினோம். எண் இறங்குவதைக் கண்ணால் பார்க்கும்போது, தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பது முன்பைப் போல உறுத்தவில்லை.

பில்லில் கெடு தேதிக்குப் பக்கத்திலேயே பளிச்சென்று அச்சிடப்படும் "குறைந்தபட்சத் தொகை" என்ற சொல்லைப் பற்றித் தங்கள் வாசகர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அதை மட்டும் கட்டினால் போதும் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். கணக்கு எளிதாக இருப்பதற்காக, நிலுவை 1,00,000 என்றும், வட்டி மாதம் 3 விழுக்காடு என்றும், குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். முதல் மாதம் கட்டும் 5,000இல் 3,000 வட்டிக்கே போய்விடும். அசலில் 2,000தான் கழியும். அடுத்த மாதம் நிலுவை குறைந்ததால் கட்ட வேண்டிய தொகையும் குறையும், அதனால் அசலில் கழிவதும் குறையும். புதிதாக ஒரு பைசா கூடக் கார்டில் செலவு செய்யாமல் இப்படியே கட்டிக்கொண்டு போனால், 31 மாதங்கள் கழித்து மொத்தம் 1,16,000க்கு மேல் கட்டியிருப்போம். ஆனாலும் 53,000க்கு மேல் பாக்கி நிற்கும். அதே மனிதர் பில் என்ன கேட்டாலும் சரி என்று முதல் மாதம் கட்டிய 5,000ஐக் குறைக்காமல் கட்டி வந்திருந்தால், அதே 31 மாதங்களில் கடன் முழுவதும் தீர்ந்திருக்கும். இந்தக் கணக்கை நான் தாளில் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பில் கேட்கும் தொகை குறையும்போதெல்லாம் மூச்சு விட இடம் கிடைத்தது என்று நான் மகிழ்ந்திருந்தேன்; அந்த மகிழ்ச்சிதான் என் கடனை வளர்த்திருக்கிறது.

அன்றாடச் சிக்கனம் எவ்வளவு பெறும் என்பதையும் அதே கணக்கில் பார்க்கலாம். 5,000 கட்டும் இடத்தில் மாதந்தோறும் 500 கூட்டி 5,500 கட்டினால் 31 மாதம் 27 மாதமாகச் சுருங்குகிறது. மொத்தத்தில் 8,000க்கு மேல் மிச்சமாகிறது. 500 என்பது நாளொன்றுக்கு 17க்கும் குறைவு. இவ்வளவு சிறிய தொகையைச் சேர்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு, நான்கு மாதத் தவணை இல்லாமல் போகிறது என்பதே என் பதில்.

சிக்கனம் என்று நினைத்து நான் செய்த தவறையும் மறைக்காமல் எழுதுகிறேன். கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுந்தது. அடைத்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னபோது, கடன் முடியட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பி வந்துவிட்டேன். பல மாதங்கள் ஒரு பக்கமாகவே மென்று காலம் தள்ளினேன். கடைசியில் ஓர் இரவு கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தபோது, வேர்ச் சிகிச்சை செய்து மேலே உறை போட வேண்டியதாயிற்று. முதலில் கேட்ட தொகையைப் போலப் பல மடங்கு ஆன அந்தச் செலவை, மிகுந்த பாடுபட்டுக் குறைத்துக்கொண்டு வந்த அதே கார்டில்தான் தேய்க்க நேர்ந்தது. உடல்நலம், பிழைப்புக்கு வேண்டிய கருவிகளைப் பழுது பார்ப்பது, காப்பீட்டுத் தவணை ஆகியவற்றில் கை வைப்பவர் செலவைத் தவிர்ப்பதில்லை, தள்ளித்தான் போடுகிறார். தள்ளிப்போட்ட செலவு பெரும்பாலும் வட்டியோடுதான் திரும்பி வருகிறது. அதற்குப் பிறகு, ஒரு மாதத் தவணை அளவுக்குச் சிறு தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைத்துவிட்டே கடனுக்குக் கூடுதலாகக் கட்டினோம். வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது சும்மா கிடக்கும் பணம் நஷ்டமல்லவா என்று தோன்றலாம். அந்த ஒதுக்கீடு மட்டும் முன்பே இருந்திருந்தால் பல் வலிக்காகப் புதுக் கடன் வாங்கியிருக்க மாட்டேன்.

மாறாக, யாருக்கும் பயன்படாமல் கணக்கிலிருந்து தானாகவே பிடிபட்டுக்கொண்டிருந்த சந்தாக்களை நிறுத்துவதற்கு எங்களுக்கு ஒரே ஒரு மாலை நேரம்தான் ஆயிற்று. நினைவில்லாமலே போய்க்கொண்டிருந்த பணம் என்பதால் அதை நிறுத்தியதில் யாருக்கும் வருத்தமில்லை. சிக்கனத்தை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது என்பதிலும் மக்களுக்குக் குழப்பம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் கட்ட வேண்டிய தவணையைக் கட்டிவிட்டு, மிஞ்சுவதை வட்டி அதிகமான கடனில் போட்டால் மொத்த வட்டி குறையும், இது கணக்கு. சிறிய கடனை முதலில் முடித்தால் ஒன்று ஒழிந்தது என்ற தெம்பு வரும், இது மனம். நான் கணக்கின் வழியில் கார்டைத்தான் முதலில் பிடித்தேன். இருந்தாலும் என் மைத்துனரிடம் வாங்கிய கைமாற்றுக்கு வட்டி இல்லை என்பதற்காக அதைக் கடைசியில் தள்ள மனம் ஒப்பவில்லை. அவர் ஒரு நாளும் வாய் திறந்து கேட்டதில்லை. ஆனால் அவர் வீட்டுக்கு நாங்கள் போவது குறைந்துகொண்டே வந்ததை நான் கவனித்தேன். மாதந்தோறும் ஒரு சிறு தொகையைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் பழையபடி உட்கார்ந்து பேச முடிந்தது. வட்டிக் கணக்குப்படி அது தவறான முடிவுதான். இன்றும் அதற்காக நான் வருந்தவில்லை.

கடனை அடைக்கக் கடன் வாங்குவது பற்றியும் எச்சரிக்க வேண்டும். கார்டு நிலுவையை அடைக்கத்தான் நான் அந்தத் தனிநபர் கடனையே முதலில் வாங்கினேன். மாதத் தவணை எவ்வளவு குறைகிறது என்று பார்த்தேனே தவிர, எத்தனை மாதம் கூடுகிறது என்று பார்க்கவில்லை. அதைவிடக் கொடுமை, காலியான கார்டை நான் முடக்கவில்லை. சில மாதங்களுக்குள் அது மீண்டும் நிரம்பி, ஒரு கடன் இருந்த இடத்தில் இரண்டு நின்றன. வட்டி விகிதத்தைச் சொல்லும்போது அது எதன் மேல் போடப்படுகிறது என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 12 மாதக் கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு என்று சொல்லி, அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் தொடக்கத் தொகை முழுவதற்கும் கடைசி வரை வட்டி போட்டால், குறைந்து வரும் நிலுவைக்கு வட்டி போடும் முறையில் அது ஏறத்தாழ 21.5 விழுக்காட்டுக்குச் சமம். கையெழுத்துப் போடும்போது இது எனக்குத் தெரியாது.

வீட்டில் பிள்ளைகளிடம் கடனை மறைத்தது எங்கள் இன்னொரு பிழை. காரணம் சொல்லாமல் எதற்கெடுத்தாலும் வேண்டாம் என்று சொன்ன காலத்தில் அவர்கள் எங்கள் மீது கோபப்பட்டார்கள். அலமாரிக் கதவில் இருந்த எண்ணைக் காட்டி விளக்கிச் சொன்ன பிறகு, மாத முதல் தேதியில் பழைய எண்ணை அடிக்கும் வேலையைச் சின்னவள் தானாகவே ஏற்றுக்கொண்டாள். பிள்ளைகளைப் பயமுறுத்தும் அளவுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர்களுக்குத் தெரியாமல் ஒரு குடும்பம் நீண்ட நாள் சிக்கனமாக இருந்துவிட முடியாது என்பது என் அனுபவம். மாதம் ஒரு முறை எல்லோரும் சேர்ந்து மகிழ்வதற்கென ஒரு சிறு தொகையையும் நாங்கள் ஒதுக்கினோம். அதையும் வெட்டியிருந்தால் நாங்கள் பாதி வழியிலேயே சலித்துப்போயிருப்போம்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். எந்த முதலீடு எவ்வளவு தரும் என்று எழுதும் அதே பக்கத்தில், மாதம் 3 விழுக்காடு வட்டி கட்டிக்கொண்டிருப்பவருக்கு அந்தக் கடனை அடைப்பதே ஆண்டுக்கு 36 விழுக்காடு வட்டியை மிச்சமாக்கும் முதலீடு என்பதையும் எழுதுங்கள். குறைந்தபட்சத் தொகையின் கணக்கை வாசகர்கள் தம் சொந்த எண்களை வைத்துப் போட்டுப் பார்க்கும் வகையில் ஒரு முறையாவது அட்டவணையாக வெளியிடுங்கள். கடனை முன்கூட்டியே அடைக்கக் கட்டணம் உண்டா என்று கேட்பது எப்படி, வட்டியைக் குறைக்கக் கோரி எழுதுவது எப்படி, கடைசித் தவணை கட்டிய பிறகு நிலுவையில்லாச் சான்றைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவது ஏன் என்பவற்றைத் துறை அறிந்தவர்களைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். கடனில் இருப்பவர்கள் வெளியே சொல்லக் கூச்சப்படுவதால், அவர்கள் கேள்வி கேட்டுத் தங்களுக்குக் கடிதம் எழுத மாட்டார்கள். ஆனால் அப்படி ஒரு பகுதி வந்தால் அதைக் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள். இதைச் சொல்லும் நானும் என் குடும்பத்தினரின் பொருட்டு என் பெயரை வெளியிட வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்