பானை கட்டுவதற்கு முன் பறவைகளை எண்ணிப் பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு மொட்டை மாடியில் 'லவ் பேர்ட்ஸ்' வளர்த்து வருமானம் ஈட்டுவது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அது வெளிவந்த அன்று மாலையே எங்கள் தெருவில் இரண்டு வீட்டார் என்னிடம் வந்து, கூண்டு செய்து கொடுப்பவர் யார், கம்பிவலை எங்கே வாங்கலாம் என்று விசாரித்தார்கள். கட்டுரையில் இருந்த பெரும்பாலான செய்திகள் சரியானவையே. ஆனால் பெரிய கூண்டு ஒன்றில் பத்துப் பறவைகளை விட்டு, அவை முட்டையிட நாலைந்து மண்பானைகளைக் கட்டித் தொங்கவிட்டால் மற்றதை அவையே பார்த்துக்கொள்ளும் என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன். பதினாறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கடைக்காரரும் இதையேதான் எனக்குச் சொன்னார். அதை நம்பியதால் முதல் ஆண்டிலேயே என் கூண்டில் நடக்கக் கூடாதவை நடந்தன.

பெயரிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று வழங்கப்படுவது, ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதிகளைச் சேர்ந்த பட்ஜரிகர், சுருக்கமாகப் பட்ஜி. உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவையும் மடகாஸ்கரையும் சேர்ந்தவை. அவற்றைக் கடைகளில் 'ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லி விற்கிறார்கள். இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒரே கூண்டில் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தடித்த அலகுடைய ஆப்பிரிக்கப் பறவை பட்ஜியின் கால்விரலைக் கடித்துத் துண்டாக்கிவிடும் என்பதால், இந்தக் குழப்பம் வெறும் பெயரளவில் நின்றுவிடுவதில்லை.

நான் முதன்முதலாகப் பறவை வாங்கப் போனபோது, மூன்று ஜோடி எடுத்துக்கொண்டால் ஒன்றை இலவசமாகத் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். அந்த ஏழாவது பறவை ஒரு பெண். அது பெண் என்று அவரும் சொல்லவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. எட்டடி நீளக் கூண்டில் நான்கு பானைகளை, இரண்டு மேலேயும் இரண்டு கீழேயுமாகக் கட்டினேன். இரண்டு வாரத்தில் பெண் பறவைகள் மேல் பானைகளுக்காகச் சண்டையிடத் தொடங்கின. நான் அதை விளையாட்டு என்றே எண்ணினேன். முட்டை பொரிந்து குஞ்சுகள் வந்த சில நாட்களில், ஒரு காலை வேளையில், ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள்தான் முதலில் பானைக்குள் எட்டிப் பார்த்தாள். நான்கு குஞ்சுகள் தலையிலும் கழுத்திலும் கொத்துப்பட்டு இறந்து கிடந்தன. தாய்ப் பறவையின் கண்ணருகே இரத்தம் உறைந்திருந்தது. ஏழாவது பறவை அந்தப் பானைக்குள் உட்கார்ந்திருந்தது.

அந்தப் பறவையின் மேல் குற்றமில்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில காலம் ஆயிற்று. காட்டில் பட்ஜிகள் கூட்டமாக வாழ்ந்து, யூகலிப்டஸ் போன்ற மரங்களின் பொந்துகளில் அருகருகே முட்டையிடுகின்றன. பொந்தைத் தேடுவதும், பிடிப்பதும், காப்பதும் பெண் பறவையின் வேலை. அடை காப்பதும் அதுவே. ஆண் பறவை வெளியே இரை தேடிக் கொண்டுவந்து பெண்ணுக்கு ஊட்டும். ஆகவே இணை கிடைக்காத பெண் பறவைக்கும் பொந்தின் மீதான வேட்கை குறைவதில்லை. காட்டில் சண்டையில் தோற்றது வேறு மரத்திற்குப் பறந்துவிடும். கம்பிவலைக்குள் அதற்குப் போக்கிடம் இல்லை. அதனால் அங்கே சண்டை முட்டையையும் குஞ்சையும் அழித்த பிறகே ஓய்கிறது. கூண்டில் ஓர் ஆண் கூடுதலாக இருந்தால் தொல்லைதான், என்றாலும் பெரும்பாலும் சமாளிக்கலாம். ஒரு பெண் கூடுதலாக இருந்தால் அந்தக் கூண்டில் பானையே கட்டக் கூடாது.

ஆண் பெண் அறிவது கடினமன்று. வளர்ந்த ஆணுக்கு அலகின் மேல் மூக்குத் துளைகளைச் சுற்றியுள்ள தோல் நல்ல நீலமாக இருக்கும். பெண்ணுக்கு அது வெளிறியும், முட்டையிடும் பருவத்தில் பழுப்பு நிறமாகவும் இருக்கும். முழு வெள்ளை, முழு மஞ்சள் பறவைகளில் மட்டும் ஆணுக்கு அத்தோல் நீலமாகாமல் இளஞ்சிவப்பாகவே இருந்துவிடுவதால் பலரும் ஏமாறுகிறார்கள். நெற்றிக் கோடுகள் அலகு வரை இறங்கியிருந்தால் அது மூன்று நான்கு மாதம் நிரம்பாத குஞ்சு. அந்த வயதில் ஆண் பெண் பார்ப்பதில் தேர்ந்தவர்களுக்கும் தவறு நேரும். பத்து மாதமாவது நிரம்பாத பறவையை இனப்பெருக்கத்திற்கு விடவும் கூடாது.

எண்ணிக்கை சரியான பிறகு பானைக்கு வருகிறேன். ஜோடிக்கு இரண்டு பானை என்ற கணக்கில், எல்லாவற்றையும் ஒரே உயரத்தில், ஒரே நாளில் கட்ட வேண்டும். உயரம் ஒன்றாகிவிட்டால் மேல் பானைக்கான சண்டை எழ இடமில்லை. பானை கட்டியபின் புதிய பறவை எதையும் உள்ளே விடக் கூடாது. நடுவில் ஆண் இறந்துவிட்டால், துணையிழந்த பெண்ணை அதன் குஞ்சுகள் வெளியேறியதும் பிரித்துவிட வேண்டும். பானையின் அடிப்புறம் வழுவழுப்பாக இருப்பதால், வெறும் மண்ணில் வளரும் குஞ்சுகளுக்குக் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து, பிறகு எழுந்து நிற்கவே முடியாமல் போகிறது. தச்சுப் பட்டறையில் கிடைக்கும் மருந்தடிக்காத மரச்சீவலை இரண்டு விரற்கடை அளவு பரப்பினால் இதைத் தடுக்கலாம். தாய்ப் பறவை அதை வெளியே தள்ளினால் மீண்டும் போட வேண்டும், வேறு வழியில்லை.

பானையைத் தொட்டால் தாய் முட்டையைக் கைவிட்டுவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். மனிதருக்குப் பழகிய பட்ஜி அப்படிச் செய்வதில்லை. தாய் வெளியே வரும் நேரமாகப் பார்த்து நாள்தோறும் ஒருமுறை உள்ளே பார்ப்பது நல்லது மட்டுமன்று, அவசியமுங்கூட. ஒன்று விட்டு ஒரு நாள் முட்டையிட்டு, தொடக்கத்திலிருந்தே அடையில் அமர்ந்துவிடுவதால், ஒவ்வொரு முட்டையும் ஏறத்தாழ 18 நாளில் தனித்தனியே பொரிகிறது. ஆறு முட்டை இட்டால் மூத்த குஞ்சுக்கும் கடைக்குட்டிக்கும் பத்து நாள் இடைவெளி. மூத்தவற்றின் காலடியில் கடைசிக் குஞ்சு நசுங்கி இறப்பது வழக்கம். பல ஜோடிகள் ஒரே காலத்தில் அடை காப்பதால் கிடைக்கும் பெரும் நன்மை இங்கேதான் இருக்கிறது: அந்தச் சின்னக் குஞ்சை அதே வயதுக் குஞ்சுகள் உள்ள வேறொரு பானைக்கு மாற்றினால், அந்தத் தாய் வேற்றுமை பாராட்டாமல் ஊட்டி வளர்த்துவிடுகிறது. இப்படி நான் மாற்றி வைத்த குஞ்சுகளில் பெரும்பாலானவை பிழைத்திருக்கின்றன. தனி ஜோடி வளர்ப்பவருக்கு இந்த வசதி இல்லை. கூட்டு வளர்ப்பை நான் இன்னும் விடாமல் இருப்பதற்கு இதுவே முதற் காரணம்.

ஐந்து வாரத்தில் குஞ்சுகள் பானையை விட்டு இறங்கிவிடும். மேலும் ஒரு வாரம் தந்தைப் பறவை ஊட்டும். தானாகத் தினை உரித்துத் தின்னப் பழகியதும் அவற்றை வேறு கூண்டுக்கு மாற்றாவிட்டால், பழக்கதோஷத்தில் ஏதேனும் ஒரு பானைக்குள் நுழைந்து, அங்கே அடையிலிருக்கும் பெண்ணிடம் அடிபட்டு இறக்கின்றன.

கட்டுரையில் எனக்கு மிகவும் வருத்தமளித்தது, 'ஆண்டு முழுவதும் குஞ்சு கிடைக்கும்' என்ற வாசகம். கிடைக்கும் என்பது உண்மைதான்; கிடைக்கவிடலாமா என்பதே கேள்வி. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் எப்போது மழை வரும் என்று சொல்ல முடியாது. மழை பெய்து புல் விதைகள் முற்றும்போது பட்ஜிகள் விரைந்து இனம் பெருக்குகின்றன. வறட்சி வந்தால் நிறுத்திக்கொண்டு நீரும் இரையும் தேடிப் பறந்துவிடுகின்றன. நம் கூண்டில் நீர் வற்றுவதில்லை, தினை தீர்வதில்லை, பானையும் இறங்குவதில்லை. நிறுத்து என்று அந்த உடலுக்குச் சொல்ல எதுவுமே இல்லாததால் அது முட்டையிட்டுக்கொண்டே இருக்கிறது. முப்பத்தைந்து கிராம் எடையுள்ள பறவை, தலா ஏறத்தாழ இரண்டு கிராம் எடையுள்ள ஆறு முட்டைகளைப் பத்துப் பன்னிரண்டு நாளில் இடுகிறதென்றால், தன் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கை அது வெளியே தருகிறது. அதற்கான சுண்ணாம்புச் சத்து உணவில் போதாதபோது எலும்பிலிருந்தே எடுக்கிறது. இரண்டாம் ஆண்டில், தொடர்ந்து நான்காவது ஈடு முட்டைக்கு உட்கார்ந்த என் பச்சைப் பெண் பறவை, முட்டை வெளிவராமல் அடைத்துக்கொண்டு, கூண்டின் தரையில் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. துணியில் சுற்றி வெந்நீர்ப் புட்டியின் அருகில் வைத்து, கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்த மருத்துவர் ஆடு மாடுகளையே பார்த்துப் பழகியவர். தம்மால் இயன்றதைச் செய்தார். அன்றிரவே அது இறந்தது.

அதன் பிறகு நான் புரட்டாசியில் பானை கட்டி மாசியில் கழற்றிவிடுகிறேன். இடையில் இரண்டே ஈடு. கத்திரி வெயிலில் மாடியில் மண்பானைக்குள் குஞ்சுகள் வெந்துபோகும் கொடுமைக்கும் இதனால் இடமில்லாமற் போகிறது. பானை இல்லாத ஏழு மாதங்களில் அதே பெண் பறவைகள் ஒரே கிளையில் தோளோடு தோள் உட்கார்ந்திருப்பதை யாரும் வந்து பார்க்கலாம். பானை தொங்கும் காலம் வேறு, தொங்காத காலம் வேறு; இந்த வேறுபாட்டை அறியாமல் 'பட்ஜிகள் சண்டைக்காரப் பறவைகள்' என்று சொல்லுகிறவர்களும், 'பட்ஜிகள் தாமாகவே பார்த்துக்கொள்ளும்' என்று சொல்லுகிறவர்களும் பாதியையே பார்த்திருக்கிறார்கள்.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தினை மட்டும் போதாது. சாமை, கம்பு, பச்சைக் கொத்தமல்லி, முருங்கைக்கீரை, முளைவிட்ட தானியம் ஆகியவற்றையும் மாற்றி மாற்றித் தர வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேட்டால் கிடைக்கும் கணவாய் ஓட்டை ஆண்டு முழுவதும் கூண்டில் மாட்டி வைக்க வேண்டும். புதிதாக வாங்கும் துத்தநாகப் பூச்சுக் கம்பிவலையைக் காடி (வினிகர்) விட்டுத் தேய்த்துக் கழுவாமல் பயன்படுத்தினால், அதைக் கொறிக்கும் பறவைகளின் உடலில் நஞ்சேறும். வாயிலுக்கு இரட்டைக் கதவு, தரையிலிருந்து ஏறும் எறும்புக்குத் தண்ணீர்த் தொட்டி, தீபாவளி இரவுகளில் வெடிச் சத்தத்தில் மிரண்டு இருட்டில் மோதிக்கொள்ளாதிருக்கச் சிறு விளக்கு ஆகியவை வேண்டும். உலர்ந்த எச்சத் தூசியால் மனிதருக்கும் நுரையீரல் நோய் தொற்றக்கூடும் என்பதால், தரையை நனைத்த பிறகே, முகக்கவசம் அணிந்து பெருக்க வேண்டும்.

வருமான நோக்கில் வளர்ப்பதை நான் குறை சொல்லவில்லை. பச்சைக்கிளியை வீட்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், கிளி வளர்க்க விரும்பும் எளிய குடும்பங்களுக்குக் கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்ந்த பட்ஜி நல்ல மாற்று என்றே கருதுகிறேன். என் வேண்டுகோள்கள் இரண்டு. செல்லப்பிராணிக் கடைகளுக்கென 2018ஆம் ஆண்டு விதிகள் வந்து, கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று ஆகியிருக்கிறது. அவ்விதிகளைச் செயல்படுத்துகிறவர்கள், பறவை விற்கும்போது ஆண் எத்தனை, பெண் எத்தனை, குஞ்சு எத்தனை என்பதை ரசீதில் எழுதித் தரும் வழக்கத்தைக் கடைகளில் ஏற்படுத்த வேண்டும். எண்ணிக்கை தவறாக இருந்தால் கடைக்காரர் மாற்றித் தரவும் வேண்டும். தாங்கள் அடுத்த முறை இப்பொருள் குறித்துக் கட்டுரை வெளியிடும்போது, பானையைக் கட்டுவது பற்றி எழுதும் அதே பத்தியில் அதைக் கழற்றும் மாதத்தையும் சேர்த்து வெளியிட வேண்டும்.

என்னிடம் விசாரிக்க வந்த இரண்டு வீட்டாரில் ஒருவர், நான் சொல்லி முடிப்பதற்குள் ஒன்பது பறவைகளை வாங்கிவந்துவிட்டார். நேற்று மாலை இருவருமாக உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். ஆண் நான்கு, பெண் ஐந்து. அவருடைய மகன் கட்டி முடித்திருந்த ஐந்து பானைகளையும் இறக்கி வைத்தோம். கூடுதலாக இருந்த சாம்பல் நிறப் பெண்ணை நான் என் வீட்டிற்கு எடுத்துவந்து, முட்டையிடும் வயதைக் கடந்த என் பறவைகளோடு, பானையில்லாத கூண்டில் விட்டிருக்கிறேன். மற்ற எட்டும் புரட்டாசி வரை பானையில்லாமல் இருக்கும் என்று அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
மதுரை மாவட்டம்.