இரண்டாம் பருவம் முடிகிறது: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும், பெற்றோர் வெளியூரில் இருப்பதால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

இரண்டாம் பருவம் முடியப் போகிறது. டிசம்பர் 15 முதல் 23 வரை பருவத் தேர்வு. 24 முதல் விடுமுறை. ஜனவரி 5, திங்கட்கிழமை பள்ளி திறக்கும். இந்தத் தேதிகளை ஏற்கெனவே குரூப்பில் போட்டேன். குட் மார்னிங் படங்களுக்கு நடுவே அது மேலே போயிருக்கும் என்பதால் தாளிலும் கொடுக்கிறேன்.

இந்தப் பருவம் நன்றாகவே போனது. கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகள் கலந்துகொண்டு பரிசு வாங்கினார்கள். குழந்தைகள் தினம் சிறப்பாக நடந்தது. தோட்டத்தில் கத்தரியும் வெண்டையும் காய்த்து இரண்டு முறை சத்துணவுக்குப் போயிருக்கின்றன. மூன்றாவது முறை ஆடு முந்திக்கொண்டது. காலை உணவை மகளிர் குழு அக்காக்கள் மழை நாளில்கூடத் தவறவிடவில்லை. எல்லோருக்கும் நன்றி.

இனி வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். "டிசம்பர்ல என்ன டீச்சர் பாடம் நடக்கப் போவுது?" என்று வாசலில் வைத்து ஒருவர் கேட்டார். கேட்டவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

ஒன்றாம் வகுப்பில் கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்துகள் நடக்கின்றன. கொ, சொ, தொ. 'கொடி' என்று எழுத வேண்டிய இடத்தில் 'கெடி' என்று எழுதிவிட்டு, கால் எங்கே போனது என்று டீச்சர் கேட்டால் பெஞ்சுக்கு அடியில் தேடுகிற வயது அது. இரண்டாம் வகுப்பில் ரகரம், றகரம். 'மரம்' எழுதிய கையே 'மறம்' என்றும் எழுதுகிறது. இரண்டு சொல்லுக்கும் பொருள் உண்டு என்பதுதான் சிக்கல். நான்காம், ஐந்தாம் வகுப்பில் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று அவற்றுக்கு நான்கு படிகள். ஜூனில் 'நட'வில் தடுமாறிய பிள்ளைகளில் பாதிப் பேர் இப்போது 'ஓடு'வில் இருக்கிறார்கள். இதைக் கலைத் திருவிழாப் பரிசைவிடப் பெரிதாக நினைக்கிறேன். இதற்கு யாரும் கோப்பை கொடுப்பதில்லை.

மூன்றாம் வகுப்பில் நடப்பதைத்தான் பக்கத்தில் வந்து பார்க்கச் சொல்ல வேண்டும். நாம் படித்த காலத்தில் அதன் பெயர் கடன் வாங்கிக் கழித்தல். இப்போது புத்தகத்தில் இனமாற்றம் என்று இருக்கும். 52-இல் 27 போனால் எத்தனை? பத்து பத்து ஐஸ் குச்சிகளாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறோம். ஐந்து கட்டு, இரண்டு உதிரிக் குச்சி. இரண்டிலிருந்து ஏழை எடுக்க முடியாது. அப்புறம் ஒரு பிள்ளை கட்டு ஒன்றை எடுத்து ரப்பர் பேண்டைக் கழற்றுகிறது. பத்துக் குச்சியும் மேசையில் சிதறும். அந்த நொடியில் வகுப்பே "ஓ" என்கிறது. இப்போது உதிரி பன்னிரண்டு. அதில் ஏழு போனால் ஐந்து. மீதமுள்ள நான்கு கட்டில் இரண்டு போனால் இரண்டு. விடை 25.

அந்த ஒரு நாள் வகுப்பில் இல்லாத பிள்ளை என்ன செய்கிறது தெரியுமா? ஐந்தில் இரண்டு போனால் மூன்று, ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஆக 35 என்று எழுதுகிறது. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்துவிடுகிறது, மேலே எது கீழே எது என்று பார்ப்பதில்லை. எழுத்து அழகாக இருக்கும், கோடு நேராக இருக்கும், வீட்டில் பார்க்கிறவர்களுக்குச் சரியாகத்தான் தெரியும். அதே பிள்ளை ஐந்தாம் வகுப்புக்கு வந்து நான்கு இலக்கக் கணக்கிலும் இதையே செய்யும்போதுதான் நமக்குத் தெரிய வரும். ரப்பர் பேண்ட் கழன்ற அந்த நாளில் அவன் எங்கோ பஸ்ஸில் இருந்தான் என்று அப்போது யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

சரி, விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

டிசம்பர் இரண்டாவது வாரம் பிறந்தால் நம் பள்ளியில் இடங்கள் காலியாக ஆரம்பிக்கின்றன. போன வருடம் கடைசி இரண்டு நாளும் மூன்றாம் வகுப்பில் பாதிப் பேர்கூட இல்லை. காரணங்கள் எனக்கும் தெரியும். திருப்பூரில் இருக்கும் அப்பாவைப் பார்க்கப் போக வேண்டும். மேல்மருவத்தூருக்கு இருமுடி கட்டியாயிற்று. சபரிமலைக்கு வேன் பேசியாயிற்று. வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை. விடுமுறை தொடங்கிய பிறகு ரயிலில் டிக்கெட் கிடைக்காது, பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. இதில் எதையும் நான் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அப்பாவைப் பார்க்கிற பிள்ளைக்கு அந்தப் பயணம் எவ்வளவு முக்கியம் என்று எங்களுக்குப் புரியாமல் இல்லை.

மாலை போட்ட பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் கறுப்பு வேட்டியோ சிவப்பு உடையோ உடுத்திக்கொண்டு, செருப்பில்லாமல் பள்ளிக்கு வரலாம். சீருடை ஏன் இல்லை என்று யாரும் கேட்க மாட்டோம். காலை உணவுக்கு முன்னால் குளித்துச் சாமி கும்பிட வேண்டும், கொஞ்சம் தாமதமாகும் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், போதும். விரதம் என்பதற்காகப் பள்ளியையும் சேர்த்து நிறுத்திவிட வேண்டாம்.

மழைக்குக் கலெக்டர் லீவ் விடுகிறாரே, நாங்கள் நான்கு நாள் கூட்டிப்போனால் மட்டும் என்ன என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். நியாயமான கேள்வி, பதில் சொல்ல வேண்டியது என் கடமை. மழை விடுமுறை எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாக வருகிறது. திரும்பி வரும்போது வகுப்பு முழுவதும் விட்ட இடத்தில் இருக்கும், டீச்சர் அங்கிருந்து தொடங்குவார். உங்கள் பிள்ளை மட்டும் நான்கு நாள் இல்லையென்றால் மற்றவர்கள் நான்கு நாள் முன்னே போயிருப்பார்கள். எங்களிடம் இருப்பது ஐந்து வகுப்புக்கு மூன்று ஆசிரியர்கள். ஒவ்வொரு பிள்ளையாகப் பின்னால் போய்க் கூட்டி வர எங்களுக்கும் ஆசைதான், நேரம் இல்லை.

இன்னொன்று. பள்ளிப் புத்தகங்கள் பருவத்துக்கு ஒன்றாக வருகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். 2012-இல் இந்த முறை வந்தபோது பை கனம் குறைந்தது என்று நாம் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஆனால் அதில் ஒரு விளைவும் இருக்கிறது. ஜனவரி 5 அன்று பிள்ளை கையில் மூன்றாம் பருவப் புத்தகம் இருக்கும். இரண்டாம் பருவத்தின் கடைசிப் பாடங்கள் பழைய புத்தகத்தோடு பரணுக்குப் போய்விடும். டிசம்பர் கடைசியில் விட்டதை ஜனவரியில் அந்தப் புத்தகம் திரும்பச் சொல்லித் தராது.

"எட்டாவது வரைக்கும் எல்லாரும் பாஸ்தானே?" என்பதையும் கேட்டிருக்கிறேன். ஆமாம், பாஸ்தான். பாஸ் போடுவது நாங்கள், கழித்தல் போட வேண்டியது பிள்ளை. எண்ணும் எழுத்தும் திட்டத்தை 2022-இல் தொடங்கியதே, கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபோது பிள்ளைகள் இழந்ததைப் பிடிப்பதற்காகத்தான். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை இருக்கும் நிலையிலிருந்து சொல்லித் தருகிறோம். மொட்டில் இருந்த பிள்ளை மலருக்குப் போகிற நேரத்தில் வகுப்பில் இல்லாவிட்டால் அந்தத் திட்டம் என்ன செய்யும், டீச்சர்தான் என்ன செய்வார்?

அடுத்துச் சொல்லப் போவது கொஞ்சம் கடுமையாக இருக்கும். சொல்லித்தான் ஆக வேண்டும்.

போன மாதம் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மூன்று நாள் லீவ் லெட்டர் வந்தது. பெயர் சொல்ல மாட்டேன், வகுப்பும் சொல்ல மாட்டேன். நான்காம் நாள் அந்தப் பிள்ளை வந்ததும், காய்ச்சல் தேவலையா என்று கேட்டேன். தேவலை என்று தலையாட்டியது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை, "டீச்சர், கடலுக்கு நடுவுல ரயில் போச்சு டீச்சர்! கீழ தண்ணி!" என்று பாம்பன் பாலத்தை இரண்டு கையாலும் காட்டியது. அப்புறம்தான் அதற்கு ஞாபகம் வந்தது. கையை மெதுவாக இறக்கிவிட்டு என்னைப் பார்த்தது.

எனக்கு ராமேசுவரம் போனதில் வருத்தம் இல்லை. அந்தப் பாலத்தைப் பார்த்த பிள்ளையை வகுப்பு முன்னால் நிறுத்தி அரை மணி நேரம் பேசவிட்டிருப்பேன். அதைவிட நல்ல பாடம் எது? ஆனால் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்த பொய்யை அந்தப் பிள்ளை மூன்று நாள் சுமந்துகொண்டு வந்திருந்தது. பார்த்த அதிசயத்தைச் சொல்ல முடியாமல் வாயை மூடிக்கொண்டது. இது கூடாது. ஊருக்குப் போகிறோம் என்றால் ஊருக்குப் போகிறோம் என்றே எழுதுங்கள். பொய்யான மருத்துவக் காரணத்தோடு வரும் விடுப்புக் கடிதத்தை இனிமேல் வாங்கிக்கொள்ள மாட்டேன். பெற்றோரைக் கூப்பிட்டு நேரில்தான் பேசுவேன். வருகைப் பதிவு அன்றன்றைக்குச் செயலியில் ஏறிவிடுகிறது. அதில் பிள்ளை வந்ததாகவோ, உடம்பு சரியில்லை என்றோ நான் மாற்றிப் போட முடியாது. போடவும் மாட்டேன்.

டிசம்பர் 22, 23 இரண்டும் முழு நாள் பள்ளி. 19-ஆம் தேதி வெள்ளிக்கிழமையோடு விடுமுறை என்று சிலர் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். அப்படி நான் எங்கும் சொல்லவில்லை. அதேபோல ஜனவரி 5-க்கும் பொங்கலுக்கும் நடுவில் ஏழெட்டு நாள்தானே, ஒரேயடியாகப் பொங்கல் முடிந்து வரலாம் என்ற யோசனையும் வேண்டாம். அந்த ஏழெட்டு நாளில்தான் புதுப் புத்தகத்தின் முதல் பாடங்கள் நடக்கும்.

இவ்வளவும் சொல்கிற நான் ஒன்றும் பெரிய யோக்கியம் இல்லை. என் மகன் இரண்டாம் வகுப்பு படித்தபோது கல்யாணம் ஒன்றுக்காக ஒரு வாரம் கூட்டிப் போனேன். அவனுடைய டீச்சருக்கு வயிற்றுவலி என்று எழுதினேன். நானும் டீச்சர்தான். ஆனால் வெட்கமாக இல்லையா என்று அவர் கேட்கவில்லை. நோட்டை மட்டும் கையில் கொடுத்தார். ஏழாம் வாய்ப்பாட்டில் அவன் இன்றும் ஏழெட்டில் கொஞ்சம் நின்றுதான் போகிறான். இப்போது அவனுக்கு வயது இருபத்து நான்கு.

அதனால் தவிர்க்கவே முடியாத பயணம் என்றால், இப்படிச் செய்யுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் வகுப்பு டீச்சரிடம் நேரில் வந்து சொல்லுங்கள். அந்த நாட்களில் என்ன நடக்கும் என்று கேட்டு, பயிற்சி நூலைப் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை என்றால் ஐஸ் குச்சிக் கட்டு இரண்டு நானே தருகிறேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு கட்டைப் பிரித்து நீங்களே சொல்லிக் கொடுக்கலாம். அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது டீச்சர் என்று சொல்லாதீர்கள். நூறு ரூபாய்க்கு மீதிச் சில்லறை சரியாக வாங்கத் தெரிந்த எல்லோருக்கும் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியும். முடிந்தவர்கள் 23 ராத்திரி பஸ்ஸுக்குப் பதிவு செய்துவிடுங்கள். அன்று மாலை மணி அடித்ததும் பிள்ளைகளைத் தாமதமில்லாமல் அனுப்பிவைப்பது என் பொறுப்பு.

நவம்பர் மழையில் பள்ளிக்கு வரும் பாதையில் தண்ணீர் தேங்கியபோது, யாரும் கேட்காமலேயே டிராக்டரில் மண் கொண்டுவந்து கொட்டியவர்கள் நீங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு நடவு வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள் நீங்கள். ஒழுகிய கூரைக்குத் தார்ப்பாய் கட்ட ஏணி பிடித்த அப்பாக்களையும் மறக்கவில்லை. இப்படிப்பட்ட பெற்றோரிடம்தான் உரிமையோடு இதையெல்லாம் எழுத முடிகிறது. மனதில் ஏதாவது பட்டிருந்தால் பள்ளிக்கு வாருங்கள், பேசுவோம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி.

பி.கு.: இந்தப் பத்தியை மட்டும் பிள்ளையை வாசித்துக் காட்டச் சொல்லாதீர்கள், நீங்களே படியுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நவம்பர் 17 முதல் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு, நண்பகலில் அதன் நிழலை அளந்து சுவரில் எழுதி வருகிறார்கள். முதல் நாள் 57 சென்டிமீட்டர். இன்று, டிசம்பர் 8, 66. நடுவில் பல நாட்களுக்கு எதிரே 'மேகம்' என்று எழுதியிருக்கிறது. இதே வேகத்தில் போனால் மாசி மகத்துக்குள் நிழல் குச்சியின் உயரத்தைத் தொட்டுவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். தொடாது. டிசம்பர் 21 வாக்கில் 68-ஐ எட்டி அங்கேயே நிற்கும், அப்புறம் குறைய ஆரம்பிக்கும். நாம் தை ஒன்று என்று சொல்லும் உத்தராயணத்தை நிழல் மார்கழி முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. 23-ஆம் தேதி கடைசியாக அளந்துவிட்டுப் போகும் பிள்ளைகள் ஜனவரி 5 அன்று திரும்பி வந்து அளக்கும்போது திரும்பவும் 66-தான் வரும். குச்சி சாய்ந்துவிட்டது என்று முதலில் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைக்கு எல்லோரும் இருக்க வேண்டும். தயவுசெய்து வீட்டில் யாரும் சொல்லிவிடாதீர்கள்.