தனியாக உட்கார இடம் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

என் கணித ஆய்வேடு ஏற்கப்பட்டது தெரிந்ததிலிருந்து வாழ்த்துகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றையும் படித்தேன், மனம் நிறைந்தது. ஆனால் பலர் எழுதியிருந்த ஒரு வரியை மட்டும் அப்படியே வாங்கிக்கொள்ள முடியவில்லை: "தனி ஆளாக நின்று சாதித்துவிட்டீர்கள்." அதற்குப் பதிலாகத்தான் இந்த மடல்.

தனியாக உட்கார்ந்தேன் என்பது உண்மை. கணக்கு அதைக் கேட்கும். நாலு பேர் பேச்சுக்கு நடுவே ஒரு நிரூபணத்தை மனதில் முழுதாகப் பிடித்து வைக்க முடியாது. ஆனால் ஒருவருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வாய்க்கிறது என்றால், வெளியே வேறு யாரோ அவருடைய பங்கையும் சேர்த்துச் சுமக்கிறார். எனக்கு அது அக்கா. அம்மாவின் மருந்து, மருத்துவமனை, நடு இரவில் எழுந்து பார்ப்பது எல்லாம் அவள் தலையில். எனக்கு அவள் அனுப்பியதெல்லாம் ஒரே செய்தி: "இங்க எல்லாம் சரியா இருக்கு, நீ எழுது." அவள் எத்தனை இரவு தூங்கவில்லை என்பதை அப்புறம் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்து என் நண்பன். என் வரைவு முழுவதையும் பென்சிலும் கையுமாகப் படித்தவன். ஓரிடத்தில் "இதை எளிதில் காணலாம்" என்று எழுதியிருந்தேன். கணக்குப் புத்தகங்களில் அடிக்கடி வரும் வரிதான். அதன் ஓரத்தில் பொடி எழுத்தில், "எனக்குத் தெரியலையே" என்று எழுதியிருந்தான். அவனுக்கு விளக்க உட்கார்ந்தேன். விளக்கம் ஒரு பக்கமாகி, பத்துப் பக்கமாகி, கடைசியில் ஒரு தனி அத்தியாயமே ஆனது. தேர்வாளர்கள் அதிகம் பாராட்டிய அத்தியாயம் அதுதான். டேய், அது நீ கேட்டு வந்தது.

ஐன்ஸ்டைன் 1905-ல் வெளியிட்ட சார்பியல் கட்டுரையில் மேற்கோள் பட்டியலே கிடையாது. ஆனால் கடைசியில் ஒரு நன்றி இருக்கிறது, காப்புரிமை அலுவலகத்தில் உடன் வேலை பார்த்த நண்பர் பெஸ்ஸோவுக்கு. அவரோடு பேசப் பேசத்தான் தனக்கு வழி பிடிபட்டது என்று ஐன்ஸ்டைன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கணிதவியலாளர் ஆண்ட்ரூ வைல்ஸையும் எல்லோரும் தனிமைக்கு உதாரணமாகக் காட்டுவார்கள். நெடுங்காலம் யாராலும் நிறுவ முடியாதிருந்த ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்துக்காக அவர் ஏறத்தாழ 7 ஆண்டுகள் ஒதுங்கியிருந்து உழைத்தது உண்மைதான். 1993-ல் அவர் அறிவித்த நிரூபணத்தில் பிறகு ஓர் ஓட்டை தெரிந்தது. அதை அடைக்கும் வேலையில் முன்னாள் மாணவர் ரிச்சர்ட் டெய்லர் கூட உட்கார்ந்தார். 1995-ல் அச்சான இரண்டு கட்டுரைகளில் ஒன்றில் டெய்லர் பெயரும் இருக்கிறது. அந்த வெற்றியைச் சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

என் நெறியாளருக்கு: ஐயா, நீங்கள் ஒரு நாளும் அவசரப்படுத்தவில்லை. "இன்னும் வரவில்லை" என்று நான் சொன்னபோதெல்லாம் "சரி, வரட்டும்" என்றீர்கள். நூலகத்தில் ஜன்னலோர மேசையை எனக்காகப் பார்த்துக்கொண்டவருக்கும் என் வணக்கம்.

பெருமை என்று எனக்குத் தோன்றுவதையும் சொல்லிவிடுகிறேன். பாய்ன்கரே அனுமானம் என்ற பெரிய கணிதக் கேள்விக்கு விடை கண்ட கணிதவியலாளர் பெரல்மான், 2006-ல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை ஏற்கவில்லை. 2010-ல் அதே நிரூபணத்துக்கான 10 லட்சம் டாலர் பரிசையும் வேண்டாம் என்றார். பணத்தை மறுத்ததைத்தான் ஊரெல்லாம் பேசியது. அதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, அந்த நிரூபணத்துக்கு வழி போட்ட கணிதவியலாளர் ஹாமில்டனின் பங்கு தன்னுடையதற்குக் குறைந்ததல்ல என்பது. எனக்கு அந்த மனிதர் உயர்ந்து தெரிவது அங்கேதான். பரிசு கையருகே வந்து நிற்கும் நேரத்தில் இன்னொருவர் பெயரைச் சொல்ல எல்லோருக்கும் மனம் வந்துவிடாது.

உங்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டிருக்கிறேன். ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்ப்பேன்.

அக்கா, அடுத்த மாதத்திலிருந்து அம்மா என்னோடு இருக்கட்டும். நீ பாதியில் நிறுத்திய படிப்புக்கு விண்ணப்பம் போட இன்னும் நேரம் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். கட்டணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். இங்கே எல்லாம் சரியாக இருக்கும், நீ படி.

அன்புடன்,
உங்களால் எழுதி முடித்தவன்