நாய் வளர்ப்போர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் செய்தவற்றையும் செய்யத் தவறியவற்றையும் இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். உறுப்பினர் எண்ணிக்கை 58இலிருந்து 64 ஆகியிருக்கிறது. சந்தா பாக்கி வைத்திருப்போர் பட்டியலைப் பொருளாளர் வாசிப்பார். அதையும் நானே வாசித்தால் அடுத்த தேர்தலில் எனக்கு ஓட்டு விழாது. நிர்வாகக் குழு ஒன்பது முறை கூடியது. போதிய பேர் வராததால் இரண்டு கூட்டங்கள் தள்ளிப்போயின. ஞாயிறு பயிற்சி வகுப்பு மழை நாட்களையும் சித்திரைத் திருவிழா வாரத்தையும் தவிர்த்துத் தொடர்ந்து நடந்தது.

இந்த அறிக்கையின் பெரும்பகுதி பெங்களூரு மாநாட்டைப் பற்றியது. மே மாதக் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் நாம் சண்டையிட்டது அதைப் பற்றித்தான். பரிசு கொடுத்து விலங்குகளைப் பழக்கும் முறை குறித்த இரண்டு நாள் மாநாட்டுக்கு ஆள் அனுப்பலாம் என்று நான் சொன்னபோது, "நாய்க்கு பிஸ்கட் போடக் கற்றுக்கொள்ள ரயிலேற வேண்டுமா?" என்று பொருளாளர் கேட்டதைக் குறிப்பேட்டில் அப்படியே பதிவு செய்திருக்கிறேன். கடைசியில் இருவர் போவது, இரண்டாம் வகுப்புப் படுக்கையில் போவது, அந்த இருவரில் ஒருவர் செலவைக் கண்காணிக்கும் பொருளாளராகவே இருப்பது என்று முடிவாயிற்று. ஜூலை மாதம் மதுரையிலிருந்து இரவு ரயிலில் கிளம்பினோம். போகும் வழியெல்லாம் அவர் என்னிடம் ரசீது கேட்டுக்கொண்டே வந்தார்.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாளும் ஆங்கிலம்தான். அரங்கத்தின் குளிரில் எங்கள் இருவருக்கும் பல் கிட்டிவிட்டது. எந்தப் படத்தைக் காட்டினாலும் அதில் லாப்ரடார் அல்லது பார்டர் கோலி. கன்னி, கோம்பை, சிப்பிப்பாறை என்ற நம் நாட்டு நாய் இனங்களின் பெயர்களை இரண்டு நாளில் ஒருவர்கூட உச்சரிக்கவில்லை. தெரு நாய்களைப் பற்றி ஒரு அமர்வும் இல்லை. நம் ஊரில் கடிபட்டவனும் சோறு போடுகிறவனும் தினமும் சண்டையிடுவது அந்த நாய்களை வைத்துத்தானே.

இனி கற்றது. முதல் நாள் காலை ஒரு சொல்லிலேயே கழிந்தது. பரிசு கொடுத்துப் பழக்கும் இந்த முறைக்குப் பெயர் நேர்மறை வலுவூட்டல். அதில் வரும் "நேர்மறை" நல்லது என்ற பொருளில் வரவில்லையாம். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் வகுத்த கணக்கில் ஒன்றைச் சேர்த்தால் நேர்மறை, ஒன்றை எடுத்தால் எதிர்மறை. செயல் கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. பி.எட். படித்த நம் உறுப்பினர்கள் மூவரிடம் திரும்பி வந்து கேட்டேன். எதிர்மறை வலுவூட்டல் என்றால் தண்டனை என்றே மூவரும் சொன்னார்கள். நாய் உட்காரும்வரை சங்கிலியை இறுக்கிப் பிடித்து, உட்கார்ந்ததும் தளர்த்துகிறோமே, அதுதான் எதிர்மறை வலுவூட்டல். ஓடும் நாயைச் சுண்டி இழுத்து நிறுத்துவது தண்டனை. நம் ஞாயிறு வகுப்பில் பத்தாண்டுகளாக இந்த இரண்டையும் கலந்து செய்துவிட்டு, "பயிற்சி" என்று ஒரே பெயர் வைத்திருந்தோம். வகுப்பை நடத்தியவன் நான் என்பதால் இதை யார் மீதும் குற்றமாகச் சொல்லவில்லை.

பிற்பகல் கோழி வந்தது. தட்டில் அல்ல, மேசை மேல் உயிரோடு. ஒரு வெள்ளைக் கோழி, ஒரு கிண்ணம் தீனி, ஒரு சிவப்பு வில்லை, ஒரு நீல வில்லை, ஒரு கிளிக்கர். கட்டைவிரலால் அழுத்தினால் "டிக்" என்று ஒலிக்கும் சின்னப் பெட்டிதான் கிளிக்கர்; திருவிழாக் கடைத் தகரத் தவளையின் தம்பி. கோழி சிவப்பைக் கொத்தும் அந்த நொடியில் ஒலி, ஒலித்த பிறகு தீனி. நாய்ப் பயிற்சியாளர்களைக் கோழியோடு உட்காரவைப்பது இத்துறையில் பழைய வழக்கம். நாய் நம் தவறுகளைப் பொறுத்துக்கொண்டு, நாம் என்ன நினைக்கிறோம் என்று ஊகித்துச் செய்துவிடும். கோழி ஊகிக்காது. அதட்டினால் மேசையை விட்டு இறங்கிப் போய்விடும்.

நான் அழுத்தியதெல்லாம் அரை நொடி தாமதம். கோழி கொத்திவிட்டுத் தலையை நிமிர்த்தும்போது என் ஒலி கேட்டது. ஐந்தே நிமிடத்தில் அது வில்லையை மறந்து என் கையை நிமிர்ந்து பார்க்கும் கோழியாகிவிட்டது. நான் எதற்குக் கூலி கொடுத்தேனோ அதைச் சரியாகக் கற்றிருந்தது. பிறகு பொருளாளர் உட்கார்ந்தார். அவர் முப்பதாண்டுகள் அரசு பஸ் நடத்துநராக இருந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். கடைசிப் பயணியின் பின்னங்கால் தரையை விட்டுப் படியில் பதிந்த நொடியில் விசில் ஊதிப் பழகியவர். முந்தினால் ஆள் விழுவார், பிந்தினால் ஓட்டுநர் திட்டுவார். அலகு வில்லையில் படுவதும் இவர் விரல் அழுந்துவதும் ஒன்றாக இருந்தன. கால் மணி நேரத்தில் இரண்டு வில்லைகளையும் இடம் மாற்றி வைத்தாலும் கோழி சிவப்பையே தேடிக் கொத்தியது. பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். அதன்பிறகு அவர் என்னிடம் ரசீது கேட்கவில்லை.

விசில் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1960களில் ஹவாயில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் பயன்படுத்தியதும் விசில்தான். நடுக்குளத்தில் துள்ளும் டால்பினின் கழுத்தில் சங்கிலி போட முடியாது, அந்த நொடியில் வாயில் மீனையும் வைக்க முடியாது. "இதற்குத்தான் மீன்" என்று சொல்ல ஓர் ஒலி வேண்டியிருந்தது. அந்த ஒலியின் வேலையைத்தான் நாய்களிடம் கிளிக்கர் செய்கிறது.

சிப்பிப்பாறைக்காரர்கள் சார்பில் நான் ஒரு கேள்வி கேட்டேன்: அணிலைக் கண்டுவிட்ட நாய்க்கு ஈரலும் ஒன்றுதான், கல்லும் ஒன்றுதான், என்ன செய்வது? ஸ்கின்னரின் மாணவர்களான பிரிலேண்ட் தம்பதி 1961இல் எழுதிய கட்டுரையைப் பதிலாகச் சொன்னார்கள். உண்டியலில் காசு போட ரக்கூன் என்ற வட அமெரிக்கக் காட்டு விலங்கு ஒன்றைப் பழக்கினார்களாம். ஒரு காசு கொடுத்தவரை ஒருவழியாகப் போட்டது. இரண்டு கொடுத்ததும் போடாமல், இரையைக் கழுவுவதுபோல இரண்டையும் தேய்த்துக்கொண்டே நின்றுவிட்டது. பிறவிக் குணம் பழக்கத்தை மீறி வரும்; அதோடு மல்லுக்கட்டக் கூடாது. ஓடுவதுதான் அதற்கு ஆசை என்றால் ஓட்டத்தையே கூலியாகக் கொடுங்கள்; கூப்பிட்டதும் வந்தால் மறுபடி ஓட விடுங்கள் என்றார்கள். நம் வகுப்பில் இரண்டு சிப்பிப்பாறைகளுக்கு இது பலித்தது. மூன்றாவது இன்னமும் அணில் கட்சியில்தான் இருக்கிறது.

அடுத்த கேள்வி வீராவைப் பற்றியது. இதை எழுதத்தான் நான் இரண்டு முறை பேனாவை மூடி வைத்தேன். வீரா நம் உறுப்பினர் ஒருவரின் ராஜபாளையம், மூன்று வயது ஆண். வகுப்பில் எதற்கும் திரும்பிப் பார்க்க மாட்டான். பின்னாலிருந்து தொட்டால் சீறுவான். போன ஆண்டு தடுப்பூசி முகாமில் ஊசி போட வந்தவரின் கையைக் கவ்விவிட்டான். "திமிர் பிடித்த நாய்" என்று நானே வகுப்பில் சொல்லி, இரண்டாண்டுகள் சங்கிலியைச் சுண்டியிருக்கிறேன். மாநாட்டுக்கு வந்திருந்த ஒரு கால்நடை மருத்துவர் நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்டார்: "வெள்ளை நாயா? காது கேட்கிறதா என்று பார்த்தீர்களா?" வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் செவிட்டுத்தன்மை ராஜபாளையம் இனத்தில் உண்டு என்பதை நம் சங்கத்தில் யாரும் அறியாதவர்கள் அல்ல. ஆனாலும் யாரும் பார்க்கவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் வீரா தூங்கும்போது, காற்றோ அதிர்வோ அவன் மேல் படாத தூரத்தில் நின்று, எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினோம். தெருவே எட்டிப் பார்த்தது. வீரா கண் திறக்கவில்லை. அவனை வளர்க்கும் அம்மா திண்ணையில் உட்கார்ந்து அழுதார். நான் வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

செவிட்டு நாய்க்குக் கிளிக்கர் எதற்கு? ஒலிக்குப் பதில் ஐந்து விரலையும் சட்டென்று விரித்துக் காட்டுவது என்று வைத்துக்கொண்டோம். விரல் விரிந்தால் ஈரல். மூன்றே நாளில் எங்கள் கைகளைத் தேடிப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். அடுத்தது ஊசி. நேபாளத்தில் யானைகளைக் காசநோய்ப் பரிசோதனைக்குப் பழக்கிய ஆய்வு 2014இல் வெளிவந்தது. தும்பிக்கையில் உப்புநீர் ஊற்றி, தூக்கிப் பிடித்து, திரும்ப ஊதி வெளியேற்ற நான்கு இளம் யானைகளைப் பரிசு கொடுத்தே பழக்கியிருக்கிறார்கள். யானையே அப்படி நிற்கும்போது நாய் நிற்காதா? முக்காலியில் மோவாயை வைத்து நிற்க வீராவுக்குச் சொல்லிக்கொடுத்தோம். மோவாய் இருக்கும்வரை விரல் விரியும். எடுத்துவிட்டால் எங்கள் கையும் அவனை விட்டு விலகிவிடும்; வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவனுடையது. அவனுக்குத் தெரியும்படி பக்கவாட்டில் வந்து தோலைத் தொடுவது, பிறகு கிள்ளிப் பிடிப்பது, பிறகு மூடி போட்ட ஊசியால் அழுத்துவது என்று ஒன்பது வாரம் ஆயிற்று. நடுவில் ஒரு வாரம் ஒன்றுமே நகரவில்லை. நான் அவசரப்பட்டு இரண்டு படியைத் தாண்டியதுதான் காரணம்.

செப்டம்பர் 28, உலக வெறிநாய்க்கடி நோய் தினம், சனிக்கிழமை. முகாமில் வீராவின் முறை வந்தபோது நான்கு பேர் தாமாகவே தள்ளி நின்றார்கள். முக்காலி வைத்தோம். மோவாயை வைத்தான். ஊசி இறங்கியது, ஒரு காது மட்டும் துடித்தது. விரல் விரிந்ததும் ஈரலைத் தின்றுவிட்டு மறுபடி முக்காலியில் மோவாயை வைத்தான், இன்னொரு ஊசி போடலாம் என்பதுபோல. அன்று முகாமில் 112 நாய்களுக்குத் தடுப்பூசி போட்டோம். யாரும் கடிபடவில்லை.

மாற்றுக் கருத்தும் பதிவாக வேண்டும். மூத்த உறுப்பினர் இருவர், "அடியாத மாடு படியாது" என்று சொல்லி ஞாயிறு வகுப்பிலிருந்து விலகியிருக்கிறார்கள். முரட்டு நாய்க்கு இதெல்லாம் ஆகாது என்பது அவர்கள் வாதம். விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021இல் வெளியிட்ட நிலைப்பாடு, முரட்டுத்தனம் காட்டும் நாய்கள் உட்பட எல்லா நாய்களுக்கும் பரிசு வழியையே பரிந்துரைக்கிறது. அதன் சாரத்தைத் தமிழில் எழுதி இருவருக்கும் கொடுத்தேன். ஒருவர் படித்தார். ஈரலைக் காட்டினால்தான் நாய் வேலை செய்யும் என்ற அவர்களின் இன்னொரு புகாரில் உண்மை உண்டு. செயலுக்குப் பிறகு கொடுக்க வேண்டியதை முன்னாலேயே காட்டி நம்மில் பாதிப்பேர் லஞ்சமாக்கிவிட்டோம். அதை இந்த ஆண்டு திருத்த வேண்டும்.

பிற நிகழ்வுகள்: பொங்கலுக்கு நாட்டு நாய்க் காட்சி வழக்கம்போல் நடந்தது, வழக்கம்போல் பரிசளிப்பில் தகராறும் நடந்தது. வகுப்புக்குக் கருவாடு கொண்டுவர வேண்டாம் என்று கால்நடை மருத்துவ உறுப்பினர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த உப்பு நாய்க்கு ஆகாது. "கோழி ஈரல்" என்ற புதிய தலைப்பில் கணக்கில் வந்துள்ள செலவுக்குத் தணிக்கையாளர் விளக்கம் கேட்டார். பொருளாளரே எழுந்து விளக்கமளித்தார்.

இந்த ஆண்டு மறைந்த உறுப்பினர் இருவருக்கும், 2025 ஜனவரியில் காலமான கேரன் பிரையருக்கும் இரங்கல் தெரிவித்து நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றியது.

சங்க அலமாரியில் இருக்கும் பதினான்கு கழுத்து இறுக்கும் சங்கிலிகளைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவது நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவது பொருளாக இருக்கிறது. பொருளாளர் முன்மொழிகிறார். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஓர் அறிவிப்பு: வீரா வாசலில் கட்டப்பட்டிருக்கிறான். வெளியே போகிறவர்கள் பின்னாலிருந்து தொட வேண்டாம். முன்னால் வந்து கையைக் காட்டவும்.

செயலாளர்